தரையும் வாங்கும்



ஒரு பாடசாலையின் சரித்திரம் எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்று எவரேனும் வினவினால், அதிபராயிருப்போர் அலுமாரியைத் திறந்து இரண்டு புத்தகங்களை எடுத்துக் காட்டுவது வழக்கம். ஒன்று மாணவர் சேர்வு இடாப்பு. மற்றையது சம்பவத் திரட்டுப் புத்தகம். சேர்வு இடாப்பிலே பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியன நிரல்பட எழுதப்பட்டிருக்கும். சம்பவத் திரட்டிலே கல்வி அதிகாரிகள் வந்து போன நாளும், புயலில் கூரை பழுதுற்ற நாளும், பரிசளிப்பு விழாவும், ஆசிரியர் இடமாற்றமும் இடம்பெற்றிருக்கும். இவ்விரண்டும் பெறுமதி மிக்க ஆவணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு பிள்ளை வகுப்பறையிலே வாங்கில் இருந்ததா, தரையில் இருந்ததா என்பதை இவை சொல்லமாட்டா. தாகமெடுத்தபோது அது தானே கிணற்றில் அள்ளிக் குடித்ததா, பிறர் வார்க்கக் கைகளைக் குவித்து ஏந்திக் குடித்ததா என்பதையும் சொல்லமாட்டா. ஐந்தாம் வகுப்போடு விலகியது என்று இடாப்புச் சொல்லும். ஏன் விலகியது என்பதை அப்பிள்ளையின் வாயே சொல்லவேண்டும்.

அத்தகைய வாய்மொழிகளைப் பற்றியும், அவற்றைக் கேட்டு வைக்கவேண்டிய அவசரத்தைப் பற்றியுமே இன்றைய பேச்சில் சில கூற விரும்புகின்றேன்.

'வாங்கு' என்னும் சொல் போர்த்துக்கேய மொழியினின்று நமக்கு வந்தது. அந்த மரப்பலகை நம் பள்ளிக்கூடங்களுக்குள் வந்த பின்பும், அதில் எல்லாப் பிள்ளைகளும் அமர்வதற்கு நெடுங்காலம் சென்றது. வடபகுதியிலே சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பல பாடசாலைகளிற் சேர்க்கப்படவேயில்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் தரையில் இருந்து படித்தார்கள். சில இடங்களில் வகுப்புக்குப் புறம்பே இருந்து காதாற் கேட்டுப் படித்தார்கள். 1816ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணத்திற் கல்விப் பணி புரிந்த அமெரிக்க மிஷனரிமாரின் பாடசாலைகளிலேகூட இவ்வழக்கம் எளிதில் அகலவில்லை.

1924ஆம் ஆண்டிலே தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்தத் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது. 1927ஆம் ஆண்டு அவ்வமைப்பின் அழைப்பை ஏற்று வந்த காந்தியடிகளும் யாழ்ப்பாணத்து மக்களை நோக்கி இதனையே வற்புறுத்தினார். அக்காலத்தில் எழுந்த இரு கோரிக்கைகள் 'சம ஆசனம்', 'சம போசனம்' என்பன. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருத்தல், ஒரே பந்தியில் உண்ணல் என்பவையே அவற்றின் பொருள். இவற்றினும் எளிய கோரிக்கை வேறொன்று இருத்தல் கூடுமோ? ஆயினும், அரசாங்கத்தின் நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கப்படல் வேண்டும் என்று 1929ஆம் ஆண்டளவிற் பணிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அதற்கு இணங்கிய பாடசாலைகளிற் சில தீக்கிரையாயின. ஒரு பிள்ளை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்து அமர்வதைப் பொறுக்கமாட்டாமல் பள்ளிக்கூடத்தையே எரித்த காலம் அது.

இச்செய்திகளிற் சிலவற்றை நாம் நூல்களிற் காண்கின்றோம். ஆனால், சம ஆசனம் வழங்கப்பட்ட முதல்நாட் காலையில் அவ்வாங்கிற் போய் இருந்த பிள்ளை யார்? அதன் பக்கத்திலிருந்த பிள்ளை எழுந்து போயிற்றா, இருந்துவிட்டதா? வீட்டுக்கு வந்தபோது தாய் என்ன கேட்டாள்? மறுநாள் மீண்டும் அனுப்பினாளா? சுற்றறிக்கையில் இதற்கு விடை இல்லை. அன்று அவ்வாங்கில் இருந்தவர்கள் அனைவரும் மறைந்துவிட்டார்கள். அவர்களுட் பெரும்பாலோரை எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. இந்த இழப்பை நாம் இனி ஈடுசெய்ய இயலாது.

பிறர் கதவு திறக்கும்வரை காத்திராமல், தமக்கெனப் பள்ளிக்கூடம் எடுத்தவர்களும் உளர். வடமராட்சியிலே கா. சூரன் என்னும் பெரியார் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறுவிய தேவரையாளிச் சைவ வித்தியாசாலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பின்னாளில் அது தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தினின்று ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தோன்றுவதற்கு அது நிலைக்களமாயிற்று. 2022ஆம் ஆண்டு மறைந்த எழுத்தாளர் தெணியான் அப்பள்ளியோடு நெடுங்காலத் தொடர்புடையவர். அவ்வாறே, 1940களில் எழுந்த சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் கல்வியையே தன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டது. 1970ஆம் ஆண்டில் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றஞ் சென்ற எம். சி. சுப்பிரமணியம் அம்மகாசபையின் தலைவர்களுள் ஒருவர். பள்ளிக்கூடம் இல்லாத குடியிருப்புகளுக்குப் பள்ளிக்கூடம் பெற்றுக்கொடுத்தமை அம்மகாசபையின் பெரும்பணிகளுள் ஒன்று.

சட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலையிற் சேர்க்க மறுத்தலையும், கடை, கிணறு, கோயில் முதலிய பொதுவிடங்களிற் தடுத்தலையும் குற்றமாக்கிற்று. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆயினும், சட்டம் இருக்கவே, 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் போராட நேர்ந்தது. தேநீர்க் கடைகளிற் சமமாக அமர்ந்து குடிப்பதற்கும் போராட நேர்ந்தது. 1971ஆம் ஆண்டு அச்சட்டத்தின் தண்டனைகளைக் கடுமையாக்கித் திருத்தச் சட்டமொன்றும் இயற்ற நேர்ந்தது. சட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே போய் அமர்வதற்கு வேண்டிய துணிவைத் தனிமனிதரே கொண்டுவர வேண்டும்.

நேயர்களே, இது நமக்கு மாத்திரம் உரிய கதையன்று. கடலுக்கு அப்பால், ஐக்கிய அமெரிக்காவிலே, கறுப்பின மக்கள் நடந்த பாதையும் இதனையொத்ததே. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கிய சட்டங்கள் தென் மாநிலங்கள் பலவற்றில் இருந்தன. 1865ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிந்தது. ஆயினும் 1896ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வசதிகள் சமமாயிருப்பின் இனங்களைப் பிரித்து வைத்தல் முறையே என்று தீர்ப்பளித்தது. பிரித்தல் நடந்தது, சமம் மாத்திரம் வரவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குச் செங்கற் கட்டடம். கறுப்புப் பிள்ளைகளுக்குத் தார்க்காகிதம் போர்த்த கொட்டில்.

வேர்ஜீனியா மாநிலத்தின் பாம்வில் என்னும் ஊரில் அத்தகைய கொட்டில்களிற் படித்த பாபரா ஜோன்ஸ் என்னும் 16 வயது மாணவி, 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் தன் பாடசாலை மாணவர்களை ஒன்றுகூட்டி வேலைநிறுத்தஞ் செய்தாள். அதிலிருந்து எழுந்த வழக்கு வேறு நான்கு வழக்குகளோடு சேர்க்கப்பட்டு, 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பாடசாலைகளில் இனம் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பாக முடிந்தது. 'பிரவுண் வழக்கு' என உலகம் அறிந்த தீர்ப்பு அதுவே. ஆனால் பாம்வில் அமைந்த பிரின்ஸ் எட்வேர்ட் பகுதியார் என்ன செய்தனர்? பிள்ளைகளை ஒன்றாக இருத்துவதைக் காட்டிலும் பள்ளிகளை மூடுவதே மேல் என்று எண்ணி, 1959 முதல் 1964 வரை அரசாங்கப் பாடசாலைகள் அனைத்தையும் பூட்டிவிட்டனர். வெள்ளைப் பிள்ளைகள் தனியார் பாடசாலைக்குப் போயினர். கறுப்புப் பிள்ளைகளுட் பலர் பல ஆண்டுப் படிப்பை இழந்தனர். யாழ்ப்பாணத்தில் எரித்தார்கள்; வேர்ஜீனியாவிற் பூட்டினார்கள். முறை வேறு, மனம் ஒன்று.

நம் நாட்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1957ஆம் ஆண்டில், லிட்டில் றொக் நகரின் மத்திய உயர்தரப் பாடசாலையிற் சேர்வதற்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் இராணுவக் காவலோடு செல்ல வேண்டியிருந்தது. 1960ஆம் ஆண்டு நியூ ஓர்லீன்ஸ் நகரிலே ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுச் சிறுமி அரசாங்கக் காவலர் சூழப் பள்ளிக்கூடம் போனாள். அவளோடு இருத்த மனமின்றிப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டனர். பாபரா ஹென்றி என்னும் ஆசிரியை அவ்வாண்டு முழுவதும் அந்த ஒரு பிள்ளைக்கே தனித்திருந்து பாடஞ் சொல்லிக்கொடுத்தார். இவற்றையெல்லாம் நாம் இன்று இவ்வளவு நுட்பமாக அறிவதற்குக் காரணம் யாது? அப்பிள்ளைகள் வளர்ந்த பின்னர் தம் வாயாற் சொன்னார்கள். கேட்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள்.

கேட்கும் அம்மரபு அந்நாட்டில் முன்பே வேரூன்றியிருந்தது. 1936 முதல் 1938 வரை, அரசாங்கத்தின் எழுத்தாளர் திட்டமொன்றின் கீழ், முன்னாள் அடிமைகளாயிருந்த 2,300க்கும் மேற்பட்ட முதியோரின் வாக்குமூலங்கள் திரட்டப்பட்டன. அவை இன்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்திற் பேணப்படுகின்றன. இங்கே ஒரு கணக்கை நேயர்கள் கவனிக்க வேண்டுகின்றேன். அடிமைமுறை ஒழிந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்ற பின்னரே அம்முதியோரைக் கேட்டார்கள். அன்று பத்து வயதாயிருந்தோர் எண்பதைக் கடந்திருந்தனர். 1957ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் நமக்கும் இடையே உள்ள தூரமும் அந்த எழுபது ஆண்டுகளை அண்டியதே. அன்று ஆறு வயதிற் பள்ளிக்குப் போனவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். அவர்கள் கேட்ட காலத்தின் விளிம்பில் நாமும் நிற்கின்றோம்.

அம்முயற்சியின் குறையும் நமக்குப் பாடமாகும். கேட்கப் போனவர்களுட் பெரும்பாலோர் வெள்ளையர். வந்தவர் பழைய எசமானின் உறவினராகவும் இருக்கக்கூடும் என்ற அச்சத்தால் முதியோர் பலர் அளந்தே பேசினர். கசப்பை விழுங்கிக்கொண்டு இனிமையைச் சொன்னார்கள். யார் கேட்கின்றார் என்பது, என்ன சொல்லப்படுகின்றது என்பதை மாற்றிவிடும். நம்மூரில் ஓர் அதிபரோ அதிகாரியோ கையிற் குறிப்புப் புத்தகத்தோடு போய் முற்றத்தில் நின்றால், 'அந்த நாளில் எல்லாரும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம், ஐயா' என்ற விடையே வரும். அதே முதியவரைப் பேரப்பிள்ளை திண்ணையில் அருகிருந்து கேட்டால் வேறொரு கதை வரும்.

வாய்மொழிகளைக் கேட்டபோது அமெரிக்காவில் வெளிப்பட்ட மற்றோர் உண்மையையும் சொல்ல வேண்டும். பிரித்து வைக்கப்பட்ட கறுப்பினப் பாடசாலைகள் இழிந்தவை, அங்கே கல்வியே இருக்கவில்லை என்று பலர் எண்ணியிருந்தனர். வனேசா சிடில் வோக்கர் என்னும் அறிஞர், வட கரோலைனாவின் கஸ்வெல் பகுதிப் பாடசாலையொன்றை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் வேறொரு சித்திரத்தைத் தந்தது. கட்டடம் வறியது, ஆனால் ஆசிரியர்கள் பிள்ளைகளின் வீடு தேடிச் சென்றார்கள், பெற்றோர் தம் உழைப்பிலிருந்து பள்ளிக்குக் கொடுத்தார்கள். பிரிவினை நீங்கியபோது அத்தகைய பாடசாலைகள் பல மூடப்பட்டன. கறுப்பின ஆசிரியர்களும் அதிபர்களும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். வாங்கிற் சமத்துவம் கிடைத்தது; தம்மைத் தம் பிள்ளைகளாகப் பார்த்த ஆசிரியரின் கண் சிலருக்கு இல்லாமற் போயிற்று. சட்ட நூலைப் படிப்போருக்கு இந்த இழப்புத் தெரியாது. இதனால் பிரிவினை நன்று என்று எவரும் கொள்ளற்க. அநீதியின் நடுவிலும் மக்கள் கட்டியெழுப்பியதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. தேவரையாளியையும் அத்தகைய பிற பள்ளிகளையும் நாம் இந்தக் கண்கொண்டே நோக்க வேண்டும்.

நம்மவருள் இத்துறையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று கூறுதல் நியாயமன்று. 'மல்லிகை' ஆசிரியர் டொமினிக் ஜீவா, 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்னும் தம் சுயசரிதையிலே, பள்ளிக்கூடத்திற் பட்ட அவமானத்தையும், படிப்பை இடையில் விட்டு முடிதிருத்தும் தொழிலுக்குப் போனதையும் மறைவின்றி எழுதியுள்ளார். அவரே 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார் என்பதை மாணாக்கர் அறிதல் வேண்டும். கே. டானியல் 'பஞ்சமர்' முதலிய நாவல்களிலே இம்மக்களின் வாழ்வையும் போராட்டத்தையும் பதிந்துவைத்தார். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம ஆவண முயற்சி, நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் ஒலிப்பதிவு செய்து பேணி வருகின்றது. ஆயினும் எழுத்தாளர் ஆகாதவர்களே மிகப் பலர். அவர்களுடைய சாட்சியம் அவர்களோடு போய்விடும்.

இனி, நமது திருகோணமலை மாவட்டத்துக்கு வருவோம். கிழக்கிலே வடக்கின் கடுமை இருந்ததில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. அது எவ்வளவு மெய் என்பதை, கடுமையை அனுபவித்திருக்கக் கூடியவர்களைக் கேட்டன்றோ முடிவு செய்தல் வேண்டும்? கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளியிலே, காணிக்காரனின் பிள்ளையும் கூலிக்கு நாற்று நட்டவளின் பிள்ளையும் ஒரே நாளிற் பள்ளிக்குப் போயினரா? அறுவடைக் காலத்தில் யார் பிள்ளை நின்றுவிட்டது? ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவில் யார் எங்கே நின்றார்கள்? மூதூர், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளில் வாழும் பூர்வகுடி மக்களின் பிள்ளைகள் வகுப்பறையில் எவ்வாறு நடத்தப்பட்டனர்? திருகோணமலை நகரத்தை அண்டி, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களிற் படைவீரராகவும் ஊழியராகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களும் வாழ்கின்றனர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சரித்திரத்தைப் பாடநூலிற் படிக்கும் நம் மாணவர், தம் மாவட்டத்திலேயே அம்மக்களின் உறவினர் உளர் என்பதை அறியாதிருத்தல் விந்தையன்றோ?

இங்கே வாய்மொழிக்கு மேலும் ஒரு தேவை உண்டு. போர்க்காலத்திலே நம் மாவட்டத்துக் கிராமங்கள் பல மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. மக்களோடு சேர்வு இடாப்புகள் போகவில்லை. பல பாடசாலைகளில் அவை எரிந்தன; மழையில் நனைந்து கரையானுக்கு இரையாயின. எழுதியது அழிந்த இடத்தில், நினைவு ஒன்றே ஆவணம்.

இப்பணியைச் செய்வது எங்ஙனம்? உயர்தர வகுப்பு மாணவர்களே செய்யலாம். கைத்தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவியாக அமைந்துவிட்ட காலம் இது. கருவியன்று, கேள்வியே முக்கியம். 'உங்களை ஒதுக்கினார்களா?' என்று கேட்கலாகாது. அதற்கு ஆம், இல்லை என்ற ஒரு சொல்லே விடையாகும். 'பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் நடந்தீர்கள்? எங்கே இருந்தீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்? தண்ணீர்ப் பானை எங்கே இருந்தது? வாத்தியார் உங்களை எப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? எந்த வகுப்போடு நின்றீர்கள்? நின்ற அன்று என்ன நடந்தது?' என்று கேட்டல் வேண்டும். பானை இருந்த இடத்தைச் சொல்லத் தொடங்கினாற் பள்ளிக்கூடம் முழுவதும் கண்முன் வரும்.

முதியோர் ஆண்டுகளை மாற்றிச் சொல்லக்கூடும். புயலையும் வெள்ளத்தையும் தேர்தலையும் கொண்டு நாம் ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளலாம். தாம் இருந்த இடத்தை மாத்திரம் எவரும் எளிதில் மறப்பதில்லை. சொல்பவரின் இசைவு பெற்றே பதிய வேண்டும். பெயர் வேண்டாம் என்பாராயின் பெயரை விட்டுவிட வேண்டும். வாங்கில் இருந்தவர்களையும் கேட்டல் வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கின்றேன். தரையில் இருந்தவர் பட்டதைச் சொல்வார். வாங்கில் இருந்தவர் கண்டதைச் சொல்லலாம், காணாததையும் சொல்லலாம். பக்கத்தில் ஒரு பிள்ளை தரையில் இருந்ததையே ஒருவர் கவனித்திராவிடின், அதுவும் ஒரு சரித்திரச் சான்றுதான்.

'பழையதைக் கிளறி என்ன பயன்? புண் ஆறிவரும்போது ஏன் தொடுவான்?' என்று கேட்போர் உளர். அவர்களுட் பலர் நல்லெண்ணத்தோடே கேட்கின்றனர். ஒதுக்கப்பட்ட குடும்பங்களிலேயே, தம் பேரப்பிள்ளைகள் இதனை அறிய வேண்டாம் என்று விரும்பும் முதியோரும் உளர். அவர்களுடைய மௌனத்தை நாம் மதிக்க வேண்டும். பிடுங்கி எடுக்கும் கதை எவருக்கும் நன்மை தராது. ஆயினும், ஒருவர் தாமே விரும்பிப் பேசாதிருத்தல் வேறு. பேச விரும்பியும் கேட்பாரின்றி இருத்தல் வேறு. இரண்டாவதற்கு நாமே பொறுப்பாளிகள். வெட்கம் தரையில் இருந்த பிள்ளைக்குரியதன்று, இருத்திய ஊருக்குரியது. அதனை உரியவரிடம் சேர்ப்பிக்கும் வழி, நடந்ததை நடந்தவாறு சொல்லுதலேயாகும்.

அன்று பூட்டிய பிரின்ஸ் எட்வேர்ட் பகுதியிலே, பாபரா ஜோன்ஸ் வேலைநிறுத்தஞ் செய்த பாடசாலை இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. படிப்பை இழந்தவர்கள் வயது சென்ற பின்னும் கற்பதற்கு வேர்ஜீனியா அரசாங்கம் 2004ஆம் ஆண்டிற் புலமைப்பரிசில் திட்டமொன்றை ஏற்படுத்திற்று. அவர்கள் தம் இழப்பை வாய்விட்டுச் சொன்னபடியாலன்றோ, இழந்தார்கள் என்பதை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது!

நம் வகுப்பறைகளில் இன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கதிரையும் மேசையும் உண்டு. அவை இலவசமாகவே வந்து சேர்கின்றன. பிள்ளைகள் அவற்றில் அமர்வதைப் பற்றி ஒரு கணமேனும் சிந்திப்பதில்லை. சிந்திக்கத் தேவையில்லாதிருத்தலே அந்தப் போராட்டத்தின் வெற்றி. ஆனால் அந்தக் கதிரையின் விலையை யார் கொடுத்தார் என்பதை ஒருமுறையேனும் அறிந்திருத்தல் அவர்களுடைய கல்வியின் பகுதியாகும். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் போய், 'நீங்கள் பள்ளிக்கூடத்தில் எங்கே இருந்தீர்கள்?' என்று மாத்திரம் கேளுங்கள். பிறகு, அவர் பேசி முடியும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.